டூயலி வாங்கலாமா? பின்பக்கம் நான்கு டயர் கொண்ட பிக்அப் டிரக் பற்றிப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீடுபோல் நீளமான டிரெய்லர் ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டு, "இதை இழுக்க எந்த டிரக் வாங்கலாம்?" என்று நண்பர்கள் அழைக்கும்போது நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அந்த டிரெய்லரின் எடையில் எவ்வளவு உங்கள் டிரக்கின் முதுகில் உட்காரப்போகிறது? டிரெய்லரின் மொத்த எடையைப் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். முதுகில் இறங்கும் எடையைக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். டூயலி தேவையா இல்லையா என்பதற்கான விடை அந்த இரண்டாவது எண்ணில்தான் இருக்கிறது.

நான் டெக்சாஸில் வசிக்கிறேன். முதலில் வாங்கியது பின்னால் இரண்டே டயர் உள்ள ஒரு டன் டிரக் (ஒரு டன் என்பது கனமான பிக்அப் வகையின் பழைய பெயர், அது தாங்கும் எடை அல்ல). குடும்பத்தோடும் டிரெய்லரோடும் எடைமேடையில் ஏற்றிய அன்று பின் ஆக்சில் அளவை மீறியிருந்தது தெரிந்தது. பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு அப்படியே ஆயிரம் மைல் ஓட்டியிருக்கிறேனே என்ற பதற்றம் அடங்கப் பல நாள் ஆயிற்று. அந்த டிரக்கை விற்று டூயலி வாங்கினேன். எனக்கு அது சரியான முடிவு. ஆனால் என்னைப் பார்த்து வாங்கிய ஒரு நண்பருக்கு அது முற்றிலும் தேவையில்லாத வண்டியாகப் போனது. அவருக்கு நேர்ந்தது உங்களுக்கு நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், டூயலி என்றால் என்ன

நம் ஊர் டாடா 407-ஐப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முன்னால் இரண்டு டயர், பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு டயர். அதே ஏற்பாட்டைப் பிக்அப்பில் வைத்தால் அதை அமெரிக்காவில் டூயலி என்கிறார்கள். 1973-இல் செவ்ரோலெட் தன் ஒரு டன் பிக்அப்பை இந்த அமைப்போடு தொழிற்சாலையிலிருந்தே விற்கத் தொடங்கியது. இன்று ஃபோர்டு எஃப்-350, எஃப்-450, ராம் 3500, செவ்ரோலெட் சில்வராடோ 3500, ஜி.எம்.சி. சியரா 3500 ஆகியவற்றில் டூயலி கிடைக்கிறது. இவற்றில் எஃப்-450 தவிர மற்றவை பின்னால் பக்கத்துக்கு ஒரே டயர் உள்ள ஒற்றைச் சக்கர வகையிலும் வரும். எஃப்-450 பிக்அப் எப்போதும் டூயலிதான்.

வெளியிலிருந்து பார்த்தால் பின் மட்கார்டு இரண்டு பக்கமும் இடுப்புபோல் புடைத்திருக்கும். கூரையில் வரிசையாக மஞ்சள் விளக்குகள் இருக்கும். அவை அலங்காரம் இல்லை. 80 அங்குலமும் அதற்கு மேலும் அகலமுள்ள வண்டிகளுக்கு இந்த நாட்டுச் சட்டம் கேட்கும் அடையாள விளக்குகள் அவை. டூயலியின் பின்பக்க அகலம் ஏறத்தாழ 96 அங்குலம், அதாவது எட்டு அடி. இந்த எட்டு அடியை நினைவில் வையுங்கள். பின்னால் சொல்லப்போகும் தொல்லைகளில் பாதி அதிலிருந்துதான் வருகின்றன.

நான்கு டயர் என்ன மாற்றத்தைத் தருகிறது

டயரின் பக்கவாட்டில் 120/117 என்பதுபோல் இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். முதல் எண் டயர் தனியாக ஓடும்போது தாங்கும் சுமைக்கான குறியீடு. இரண்டாவது, ஜோடியாக ஓடும்போது. 120 என்றால் 1,400 கிலோ, 117 என்றால் 1,285 கிலோ. ஜோடியில் ஏன் குறைகிறது? பக்கத்து டயர் இருந்தாலும் இரண்டும் எப்போதும் சரிபாதியாகச் சுமப்பதில்லை. சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரியும். காற்று கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். நடுவில் வெப்பம் வெளியேற இடம் குறைவு. அதையெல்லாம் கணக்கில் எடுத்துத்தான் குறைத்துச் சொல்கிறார்கள்.

அப்படிக் குறைத்த பிறகும் நான்கு டயர் சேர்ந்து 5,140 கிலோ தாங்கும். ஒற்றைச் சக்கர ஒரு டன் டிரக்கில் 125 குறியீடுள்ள பெரிய டயர் இரண்டைப் போட்டாலும் ஒன்றுக்கு 1,650 கிலோ வீதம் 3,300 கிலோதான். இரண்டு வண்டிக்கும் எஞ்சின் ஒன்று, கியர்பெட்டி ஒன்று, சட்டகமும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே டூயலி வாங்கினால் இழுக்கும் பலம் கூடும் என்று நினைப்பது தவறு. சுமக்கும் பலமும், சுமந்துகொண்டு ஆடாமல் நிற்கும் பலமும்தான் கூடுகின்றன.

ஆடாமல் நிற்பது என்று சொன்னேனே, அதை ஓட்டிப் பார்த்தால்தான் புரியும். மேற்கு டெக்சாஸில் 10-ஆம் எண் நெடுஞ்சாலையில் போகும்போது பக்கவாட்டுக் காற்று டிரெய்லரின் நீண்ட சுவரை அப்படியே தள்ளும். பழைய டிரக்கில் ஒவ்வொரு முறையும் ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே இருப்பேன். இரவு படுத்தால் தோள் வலிக்கும். டூயலியில் அதே சாலை, அதே காற்று, ஆனால் கை சும்மா இருக்கிறது. அகலமாகக் கால் ஊன்றி நிற்பவரைத் தள்ளுவதற்கும் கால் சேர்த்து நிற்பவரைத் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

இன்னொன்று, டயர் வெடித்தால். கனமான டிரெய்லர் முதுகில் இருக்கும்போது ஒற்றைச் சக்கர வண்டியில் பின் டயர் போனால் அந்த மூலை ரிம்மில் இறங்கிவிடும். டூயலியில் பக்கத்து டயர் தாங்கிக்கொள்ளும். ஓரத்துக்கு ஒதுங்க அவகாசம் கிடைக்கும். அவகாசம் மட்டும்தான். மீதமுள்ள ஒற்றை டயர் அப்போது இருவர் சுமையைச் சுமக்கிறது. அடுத்த ஊர் வரை ஓட்டிவிடலாம் என்று நினைத்தால் அதுவும் போகும்.

முதல் படி: முதுகில் இறங்கும் எடையைக் கணக்கிடுங்கள்

பம்பருக்குக் கீழே உள்ள பந்தில் மாட்டும் சாதாரண டிரெய்லரில், மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வண்டியின் மேல் இறங்கும். டிரக் தொட்டியின், அதாவது பின்னால் சாமான் ஏற்றும் திறந்த பகுதியின், நடுவில் மாட்டும் ஃபிஃப்த் வீல், கூஸ்நெக் வகைகளில் அது 15 முதல் 25 சதவீதம். ஃபிஃப்த் வீலின் முன்பக்க அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இணைப்பு முளையின் பெயர் கிங்பின், அதனால் அதில் இதைக் கிங்பின் எடை என்பார்கள். கிங்பின் பின் ஆக்சிலுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ உட்காருவதால், அந்த எடை ஏறக்குறைய முழுவதும் பின் ஆக்சிலுக்கே போகும்.

ஒரு மாதிரிக் கணக்கு. சாமான், தண்ணீர், துணிமணி, அரிசி மூட்டை எல்லாம் ஏற்றிய பிறகு உங்கள் ஃபிஃப்த் வீல் 15,000 பவுண்டு என்று வையுங்கள். கிங்பின்னில் 21 சதவீதம் என்றால் 3,150 பவுண்டு. டிரெய்லரை மாட்டத் தொட்டியில் பொருத்தும் ஹிட்ச் 200. நான்கு பேர் 600. கருவிப்பெட்டி, பலகை, ஜாக்கி 300. மொத்தம் 4,250 பவுண்டு.

ஒற்றைச் சக்கர டீசல் டிரக்கின் ஜி.வி.டபிள்யூ.ஆர்., அதாவது சுமையோடு சேர்த்து அந்த வண்டிக்கு அனுமதித்த அதிகபட்ச மொத்த எடை, 11,500 பவுண்டு என்று வையுங்கள். டேங்க் நிறைய டீசலோடு அதன் சொந்த எடை 8,000 என்றால், மிச்சம் 3,500. நம் சுமை 750 பவுண்டு அதிகம். அதே டிரக் டூயலியாக இருந்தால் ஜி.வி.டபிள்யூ.ஆர். 14,000, சொந்த எடை 8,600, மிச்சம் 5,400. சுமை ஏறிய பிறகும் 1,150 பவுண்டு இடம் இருக்கிறது.

இப்போது அதே குடும்பம் 7,500 பவுண்டு எடையுள்ள சாதாரண டிரெய்லரை பம்பர் பந்தில் இழுத்தால்? 12 சதவீதம் என்றாலும் 900 பவுண்டுதான் முதுகில். அதற்கு டூயலி வேண்டவே வேண்டாம். என் நண்பரின் கதை இதுதான். அவர் பார்த்தது என் வண்டியை. அவர் இழுத்தது என் டிரெய்லரில் பாதிகூட இல்லை.

விளம்பரத்தில் வரும் பெரிய எண்களை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். எஃப்-450 40,000 பவுண்டு வரை இழுக்கும், ராம் 3500 36,000-ஐத் தாண்டும் என்றெல்லாம் சொல்வது உண்மை. ஆனால் அவை குறிப்பிட்ட கேபின், குறிப்பிட்ட எஞ்சின், குறிப்பிட்ட கியர் விகிதம் சேர்ந்த ஒரே ஒரு அமைப்புக்கானவை. நான்கு கதவும் தோல் இருக்கையும் உள்ள வண்டியை நீங்கள் வாங்கும்போது அந்த வசதிகளின் ஒவ்வொரு பவுண்டும் சுமையிலிருந்துதான் கழியும்.

இரண்டாவது படி: எடைமேடை

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஒட்டி இருக்கும். அதில் ஜி.வி.டபிள்யூ.ஆர்., முன் ஆக்சில், பின் ஆக்சில் ஒவ்வொன்றுக்குமான வரம்பு, டயர் அளவு, காற்றழுத்தம் எல்லாம் இருக்கும். கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விற்பனையாளரின் வாய்ச்சொல்லைவிட இந்த ஒட்டிதான் உங்களுக்குச் சாட்சி.

பிறகு லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் கேட் (CAT) ஸ்கேல் என்ற எடைமேடைக்குப் போங்கள். மூன்று தனித்தனித் தட்டுகள் இருக்கும். முன் சக்கரம் முதல் தட்டில், பின் சக்கரங்கள் இரண்டாவதில், டிரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதில் நிற்கும்படி நிறுத்த வேண்டும். மூன்று எடையும் தனித்தனியே சீட்டில் வரும். செலவு இரண்டு ஹோட்டல் காபி அளவுதான்.

இரண்டு முறை எடை போடுங்கள். ஒன்று டிரெய்லர் மாட்டி. இன்னொன்று டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு, அதே ஆட்களோடும் அதே டீசலோடும் டிரக்கை மட்டும். டிரெய்லரோடு இருந்தபோது வந்த முன், பின் ஆக்சில் கூட்டுத்தொகையிலிருந்து டிரக் மட்டும் வந்த எடையைக் கழித்தால் கிடைப்பதுதான் உங்கள் உண்மையான கிங்பின் எடை. டிரெய்லர் கையேட்டில் போட்டிருக்கும் எண் சாமான் ஏற்றாத வெற்று டிரெய்லருக்கானது. வாழ்கிற வீட்டுக்கும் அதற்கும் பல நூறு பவுண்டு வித்தியாசம் வரும்.

இன்னும் டிரக் வாங்காதவர் என்றால்? டிரெய்லரின் ஜி.வி.டபிள்யூ.ஆரை எடுத்து அதில் 22 சதவீதம் போடுங்கள். நான் அப்படித்தான் சொல்வேன். கொஞ்சம் கூடுதலாக வந்தாலும் பரவாயில்லை.

மூன்றாவது படி: எட்டு அடியோடு ஒரு வாரம் வாழ்ந்து பாருங்கள்

எடைக் கணக்கு டூயலி வேண்டும் என்று சொன்னாலும், உங்கள் தினசரி வாழ்க்கை வேண்டாம் என்று சொல்லலாம். கையில் அளவு நாடாவோடு உங்கள் ஊரைச் சுற்றி வாருங்கள்.

வீட்டு கராஜில் ஒற்றைக் கதவு பெரும்பாலும் எட்டு அல்லது ஒன்பது அடி அகலம். எட்டு அடி வண்டி கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு ஒன்பதில் நுழைந்தாலும் நுழையும். தினமும் நுழைய முடியாது. நான்கு கதவுக் கேபினும் எட்டடித் தொட்டியும் சேர்ந்தால் நீளம் 22 அடியைத் தொடும். கராஜ் கதவு மூடாது. பிறகு வண்டி வெளியில்தான் நிற்கும். அப்போது குடியிருப்போர் சங்கத்தின் விதிகளைப் படிக்க வேண்டும். சில இடங்களில் ஒரு டன்னோ அதற்கு மேலோ உள்ள டிரக்குகளையோ, இரட்டைச் சக்கர வண்டிகளையோ வாசலில் நிறுத்தக் கூடாது என்றே எழுதியிருப்பார்கள். வாங்கிய பிறகு அபராதச் சீட்டு வருவதைவிட முன்பே படிப்பது நல்லது.

கடைகளில் பார்க்கிங் கட்டம் எட்டரை முதல் ஒன்பது அடி. எட்டு அடி வண்டியை அதில் சரியாக நிறுத்திவிடலாம். ஆனால் பக்கத்து வண்டிக்காரர் கதவைத் திறக்க முடியாது. நான் எப்போதும் தொலைவில், ஓரமாக, யாரும் வராத வரிசையில்தான் நிறுத்துவேன். நடந்து போக வேண்டும். அம்மா அப்பா ஊரிலிருந்து வந்திருக்கும்போது அவர்களை வாசலில் இறக்கிவிட்டுத்தான் வண்டியை நிறுத்தப் போகிறேன். அடுக்குமாடிப் பார்க்கிங்கை மறந்துவிடுங்கள். கோயில் திருவிழா நாளில் கோயில் பார்க்கிங்கையும்.

தானியங்கிக் கார் வாஷ்களில் சக்கரம் ஓடும் தடம் குறுகல். இரட்டைச் சக்கரம் அதில் உட்காராது. பல இடங்களில் வாசலிலேயே டூயலிக்கு அனுமதி இல்லை என்று பலகை இருக்கும். கையால்தான் கழுவ வேண்டும். உணவகத்தின் காரில் இருந்தபடி வாங்கும் வரிசை, வங்கி ஜன்னல் இவற்றின் வளைவுகளில் முன்பக்கம் தாராளமாகப் போய்விடும். பின் சக்கரம் நடைபாதை விளிம்பில் ஏறும். உள்பக்க டயரைவிட வெளிப்பக்க டயரின் சுவர்தான் முதலில் கிழிபடும்.

சுங்கம் பற்றி ஒரு குறிப்பு. பல மாநிலங்களில் ஆக்சில் எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்கள், அங்கே பிரச்சினை இல்லை. ஆனால் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், லிங்கன் சுரங்கம் போன்ற நியூயார்க்-நியூஜெர்சி துறைமுக ஆணையத்தின் வழிகளில், இரண்டு ஆக்சிலும் இரட்டைப் பின்சக்கரமும் உள்ள வண்டி தனி வகுப்பு. கார் கட்டணத்தில் போக முடியாது. அந்தப் பக்கம் வேலைக்குத் தினமும் போகிறவர் இதை யோசித்தே ஆக வேண்டும்.

ஒரு நாள் வாடகைக்கு டூயலி கிடைத்தால் எடுத்து, வேலைக்கு ஓட்டுங்கள், மளிகைக்கு ஓட்டுங்கள். பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடும் வரிசையில் நில்லுங்கள். விற்பனையாளரோடு பத்து நிமிடம் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்ப்பதில் இதில் எதுவும் தெரியாது.

நான்காவது படி: ஆறு டயரின் செலவையும் கவனிப்பையும் ஏற்க முடியுமா

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். டூயலியை விற்றவர்களில் நான் பேசிய பலரும் டயரைத்தான் காரணமாகச் சொன்னார்கள்.

நான்குக்குப் பதில் ஆறு டயர் என்பது வெறும் பணக் கணக்கு. அதைவிடப் பெரியது உள் டயர். அது கண்ணுக்குத் தெரியாது. அதில் காற்று இறங்கினால் வெளி டயர் வண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். வண்டி சாயாது. ஒன்றும் ஆகாததுபோல் ஓடும். உள்ளே அந்த டயர் நசுங்கி நசுங்கிச் சூடாகிக்கொண்டே இருக்கும், கடைசியில் கிழியும். சில நேரம் தீப்பிடிக்கவும் செய்யும்.

நாமக்கல் லாரிக்காரர்கள் டீக்கடையில் நிறுத்தியதும் கிளீனர் இரும்புக் கம்பியோடு இறங்கி ஒவ்வொரு டயரையும் தட்டிக்கொண்டே வருவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். ஏன் தட்டுகிறார் என்று அப்போது புரியவில்லை. காற்று நிறைந்த டயர் கம்பியைத் துள்ளித் திருப்பி அனுப்பும். காற்று இறங்கியது "தொப்" என்று வாங்கிக்கொள்ளும். அமெரிக்க லாரி ஓட்டுநர்களும் அதற்கென்றே ஒரு கட்டை வைத்திருக்கிறார்கள். நானும் வைத்திருக்கிறேன். சான் ஆன்டோனியோ தாண்டி ஓர் ஓய்விடத்தில் வலது உள் டயர் அப்படித்தான் சிக்கியது. பார்வைக்குச் சக்கரங்கள் நான்கும் ஒழுங்காக நின்றிருந்தன. தட்டியபோதுதான் சத்தம் மாறியது. உள்ளே ஒரு ஆணி.

தட்டுவது பஞ்சரைக் காட்டும். சரியான அழுத்தத்தைக் காட்டாது. காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது, அளவுமானியால் ஆறையும் பார்க்க வேண்டும். வெளிச் சக்கரத்தின் துளை வழியாக உள் டயரின் வால்வை எட்ட, இரு பக்கமும் வாய் உள்ள நீண்ட அளவுமானி லாரிப் பொருள் கடைகளில் கிடைக்கும். முதல் நாளே வாங்குங்கள். உலோகத்தால் ஆன வால்வு நீட்டிப்பும் போட்டுக்கொண்டால் காற்று பிடிப்பது எளிது. வண்டியின் திரையில் டயர் அழுத்தம் தெரிந்தாலும் கையால் பார்க்கும் பழக்கத்தை விடாதீர்கள்.

புதியவர்கள் குழம்பும் ஓர் இடம்: பல டூயலிகளில் முன் டயருக்குச் சொல்லும் அழுத்தம் பின் டயருக்கானதைவிட அதிகம். தவறாக அச்சிட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். கனமான டீசல் எஞ்சினை முன்னால் இரண்டு டயர் தூக்குகின்றன. பின் சுமையை நான்கு டயர் பங்கிட்டுக்கொள்கின்றன. கதவுத்தூண் ஒட்டியில் இருக்கும்படியே பிடியுங்கள்.

ஜோடியில் உள்ள இரண்டு டயரும் ஒரே அளவு, ஒரே வகை, ஏறக்குறைய ஒரே தேய்மானம் உள்ளவையாக இருக்க வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பாதி தேய்ந்தது என்றால் பெரியது சுமையை வாங்கிக்கொள்ளும், சிறியது சாலையில் உரசிக்கொண்டே வரும். இரண்டும் சீக்கிரம் போகும். விட்டத்தில் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது டயர்காரர்கள் சொல்லும் வரம்பு. அதனால் ஒரு டயர் கெட்டால் சில நேரம் இரண்டு வாங்க வேண்டி வரும்.

டயர்களை இடம் மாற்றிப் போடுவதும் எளிதில்லை. பளபளக்கும் அலுமினிய வீல் உள்ள பல டூயலிகளில் உள் சக்கரம் மட்டும் எஃகு. சக்கரத்தோடு கழற்றி முன்னும் பின்னும் மாற்ற முடியாது. ரிம்மிலிருந்து டயரைப் பிரித்து, மாற்றி, மறுபடி சமநிலை பார்க்க வேண்டும். ஆறு சக்கரமும் எஃகாக இருக்கும் எளிய வகையில் இந்தச் செலவு மிச்சம். அழகைவிட உழைப்பு முக்கியம் என்றால் எஃகையே எடுங்கள்.

கல் மாட்டுவதையும் பாருங்கள். சரளைச் சாலையில் போய்வந்தால் இரு டயருக்கும் நடுவில் கல் சிக்கிக்கொள்ளும். அப்படியே நெடுஞ்சாலையில் ஏறினால் டயர் சுவரைக் கடிக்கும். தெறித்தால் பின்னால் வருபவரின் கண்ணாடிக்கு ஆபத்து.

சேறும் பனியும்

சுமையில்லாத டூயலி பனியிலும் ஈரப் புல்லிலும் திணறும். காரணம் எளிது. நான்கு டயர் மீது லேசான பின்பக்கம் உட்காரும்போது ஒவ்வொன்றும் தரையை அழுத்துவது குறைவு. குறுகிய ஒற்றை டயர் பனியைக் குத்தி அடித்தரையைப் பிடிக்கும். ஜோடி டயர் மேலே மிதக்கும். மழைக்குப் பிறகு முகாம் மைதானத்தில் புல்மேல் நிறுத்தினால் வெளியே வர யாரையாவது தேட வேண்டி வரலாம். மினசோட்டாவிலோ ஒன்டாரியோவிலோ இருப்பவர் நான்கு சக்கர இயக்கம் இல்லாத டூயலியை வாங்காதீர்கள். பனிக்காலத்தில் பின் ஆக்சிலுக்கு மேலே மணல் மூட்டை போட்டுக் கட்டி வைப்பது நல்ல பழக்கம்.

பணம்

ஒரே டிரக்கில் இரட்டைச் சக்கரத்துக்காக மட்டும் கொடுக்கும் கூடுதல் விலை பெரிதல்ல. டீசல் எஞ்சின்தான் பெரிய செலவு, ஏறத்தாழ பத்தாயிரம் டாலர். கனத்தை மலைமேல் இழுப்பவருக்கு அது தேவை. இறக்கத்தில் எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும் எக்ஸாஸ்ட் பிரேக்குக்காகவே நான் டீசலைச் சொல்வேன். வாரம் முழுக்க ஐந்து மைல் தூர வேலைக்கு ஓட்டுகிறவருக்கு டீசல் ஆகாது. குறுகிய ஓட்டத்தில் புகைவடிகட்டி சூடேறிச் சுத்தமாக நேரம் கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும். டீசலோடு, புகையைச் சுத்தப்படுத்தும் டெஃப் திரவமும் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

மைலேஜ் எவ்வளவு என்று ஷோரூமில் தேடாதீர்கள். 8,500 பவுண்டுக்கு மேல் ஜி.வி.டபிள்யூ.ஆர். உள்ள பிக்அப்புகளுக்கு அரசின் மைலேஜ் ஒட்டி கிடையாது. என் வண்டி சும்மா நெடுஞ்சாலையில் போனால் கேலனுக்கு 16 மைல் தருகிறது. டிரெய்லரோடு 9. எதிர்காற்று இருந்தால் அதுவும் இல்லை.

ஐந்தாவது படி: உரிமமும் சட்டமும்

டூயலி என்பதற்காகத் தனி உரிமம் தேவையில்லை. எடைதான் கணக்கு. நம் மாதிரியில் 14,000 பவுண்டு டிரக்கும் 16,000 பவுண்டு ஜி.வி.டபிள்யூ.ஆர். உள்ள டிரெய்லரும் சேர்ந்தால் 30,000. டெக்சாஸில் கூட்டு வரம்பு 26,001 பவுண்டை எட்டி, டிரெய்லர் 10,000-க்கு மேலும் இருந்தால், சொந்தப் பயன்பாட்டுக்கும் வணிகமல்லாத ஏ வகுப்பு உரிமம் வேண்டும். எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் உண்டு. ஒவ்வொரு மாநிலமும் ஒரு மாதிரி. உங்கள் மாநில வாகனத் துறையின் கையேட்டைப் படியுங்கள். விற்பனை மையத்தில் இதை யாரும் உங்களுக்குச் சொல்வதில்லை.

இந்த வண்டியை வைத்துப் பகுதிநேரமாகச் சரக்கு ஏற்றிச் சம்பாதிக்கலாம் என்று நினைக்கும் இளைஞர்களுக்கு: மாநிலம் தாண்டி வணிகத்துக்கு ஓட்டினால், டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து 10,001 பவுண்டைத் தொட்டாலே மத்தியப் போக்குவரத்துத் துறையின் எண் வாங்க வேண்டும். மருத்துவச் சான்று, ஆண்டுச் சோதனை, வணிகக் காப்பீடு எல்லாம் பின்னால் வரும். காப்பீட்டுத் தொகையை முதலில் கேட்டுவிட்டு டிரக்கைப் பாருங்கள்.

வேண்டாம் என்று முடிவானால்

ஆண்டுக்கு இரண்டு முறைதான் டிரெய்லர் நகரும் என்றால், அதை இழுத்துக் கொடுக்கத் தொழில்முறை ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் பணம் டூயலியின் டயர் செலவில் ஒரு பகுதிதான். கிங்பின் எடை 2,500 பவுண்டுக்குள் அடங்கும் டிரெய்லருக்கு ஒற்றைச் சக்கர ஒரு டன் டிரக் பெரும்பாலும் போதும். நகரத்திலும் சுகமாக ஓட்டலாம். ஒரு டன்னுக்கு ஒரு படி கீழே உள்ள முக்கால் டன் டிரக்கைப் பற்றிக் கேட்பார்கள். டீசல் எஞ்சினின் கனம் அதன் சுமைத்திறனைத் தின்றுவிடும். ஒட்டியைப் படிக்காமல் அதை வாங்கி ஃபிஃப்த் வீலை மாட்டாதீர்கள்.

என் அளவுகோல் இது. கிங்பின் எடை 3,000-ஐத் தாண்டுகிறது, ஆண்டில் ஐந்தாயிரம் மைலுக்குக் குறையாமல் அந்தச் சுமையோடு ஓடுகிறீர்கள், வீட்டில் தினசரி ஓட்ட வேறொரு கார் இருக்கிறது. மூன்றும் ஆம் என்றால் தயங்காமல் டூயலி வாங்குங்கள். மூன்றாவது இல்லை என்றால் முதல் இரண்டும் எவ்வளவு ஆம் என்றாலும் ஒருமுறை நிதானியுங்கள்.

பழையது வாங்குபவருக்கு

டார்ச் விளக்கோடு வண்டிக்கு அடியில் படுங்கள். உள் டயர்களின் உள்சுவரைப் பாருங்கள். டயரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். வெளி டயரைப் புதிதாகப் போட்டு உள்ளே பழையதை விட்டுவைப்பது நடக்கிறது. உள் சக்கரத்தின் பின்புறம் எண்ணெய் கசிந்த கறை இருந்தால் பின் ஆக்சில் சீல் போயிருக்கிறது, பிரேக்கிலும் எண்ணெய் இறங்கியிருக்கலாம். திரையில் மைலோடு எஞ்சின் ஓடிய மணி நேரத்தையும் கேளுங்கள். மைல் குறைவாகவும் மணி அதிகமாகவும் இருந்தால் நின்ற இடத்திலேயே பல நாள் ஓடிய எஞ்சின். தொட்டியில் கூஸ்நெக் துளை இருந்தால் என்ன இழுத்தார், எவ்வளவு காலம் இழுத்தார் என்று நேரடியாகக் கேளுங்கள்.

முதல் வாரம்

ஞாயிறு காலை யாரும் இல்லாத பள்ளிப் பார்க்கிங்குக்குப் போய், எட்டரை அடி இடைவெளியில் இரண்டு கூம்பு வைத்து, முன்னும் பின்னும் நுழைந்து பழகுங்கள். வலது வளைவில் வழக்கத்தைவிட அரை வண்டி தூரம் முன்னே போய்த் திருப்புங்கள். கண் முன்னால் இருக்கட்டும். ஆனால் வளைவு முடியும்வரை கண்ணாடியில் பின் மட்கார்டையும் பார்த்துக்கொண்டே இருங்கள். நெடுஞ்சாலைத் தடம் 12 அடி, எட்டு அடி வண்டிக்குப் பக்கத்துக்கு இரண்டு அடி மிச்சம். சாலை வேலை நடக்கும் இடத்தில் தடம் பத்து அடியாகச் சுருங்கும், அங்கே லாரிக்குப் பக்கத்தில் இணையாக ஓடாமல் பின்தங்கிவிடுங்கள். மேற்கு டெக்சாஸில் 80 மைல் வேகப் பலகை இருக்கும். பல டிரெய்லர் டயர்களின் வரம்பு 65 மைல்தான். நாங்கள் 62-இல் போகிறோம்.

வண்டியை எடுத்த நாளிலும், ஒவ்வொரு முறை சக்கரம் கழற்றி மாட்டிய பிறகும், 100 மைல் ஓடியதும் ஓரமாக நிறுத்தி எல்லாச் சக்கர நட்டுகளையும், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால், கையேட்டில் உள்ள அளவுக்கு மறுபடி இறுக்குங்கள். இரண்டு சக்கரம் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காருவதால் நடுவில் துருவோ தூசியோ நசுங்கி, முதலில் இறுக்கியது தளர்ந்திருக்கும். கடையில் இறுக்கிக் கொடுத்தார்களே என்று விட்டுவிடாதீர்கள். ரென்ச்சை டிரக்கிலேயே, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வையுங்கள்.